எட்டும் எடை எது?
எடை குறைக்க விரும்பும் தம்பதியருக்கு ஒரு விளக்கம்



"உடம்பு போட்டுருச்சுங்க. எத்தனை கிலோ கொறைக்கோணும்?" என்று சுகாதார முகாமுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். பலர் விடையையும் தாங்களே கொண்டு வருகிறார்கள். "கல்யாணத்தப்ப 45 கிலோ இருந்தேன், அதுக்கு வந்துரோணும்" என்கிறார் மனைவி. "ஒரே மாசத்துல பத்துக் கிலோ" என்கிறார் கணவர். இரண்டுமே பெரும்பாலும் எட்டாத கணக்கு. எட்டாத எடையை இலக்காக வைத்தவர்கள் இரண்டு மாதத்தில் சலித்துப்போய் முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். எடை பழையபடி ஏறிக்கொள்கிறது. கூடவே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. ஆகவே எடை குறைப்பில் முதல் வேலை, சரியான இலக்கை வைப்பதுதான். அதை எப்படி வைப்பது என்பதை இச்சிறு வெளியீடு விளக்குகிறது.

நம் நிலைமை என்ன?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடை உடையவர்கள். ஆண்களில் 100க்கு 37 பேர். அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் பெண்களில் 31 பேர், ஆண்களில் 28 பேர். சில ஆண்டுகளுக்குள் இவ்வளவு ஏற்றம்.

ஊத்துக்குளி வட்டாரத்தில் இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். முன்பு காட்டு வேலையில் காலையிலிருந்து மாலை வரை நடந்தும் குனிந்தும் நிமிர்ந்தும் பாடுபட்டோம். இன்று வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறோம். டெய்லர் மெஷினில் உட்கார்ந்தால் டீ பெல் அடிக்கும் வரை எழுவதில்லை. செக்கிங், பேக்கிங் பார்ப்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வர இரவு ஒன்பது மணி. அதற்குள் நாலு டீ, இரண்டு வடை. பிறகு வயிறு நிறையச் சோறு, உடனே படுக்கை. உழைப்பு குறையவில்லை, உடம்பின் அசைவுதான் குறைந்துவிட்டது.

முதலில் அளந்து பாருங்கள்

இலக்கு வைக்கும் முன் இரண்டு அளவு தெரிய வேண்டும்.

ஒன்று, உயரத்துக்கு ஏற்ற எடை. வளர்ந்த ஆண், பெண் இருவருக்கும் பொதுவான பட்டியல் இது:

உயரம் 145 செ.மீ. — 39 முதல் 48 கிலோ
உயரம் 150 செ.மீ. — 42 முதல் 51 கிலோ
உயரம் 155 செ.மீ. — 45 முதல் 55 கிலோ
உயரம் 160 செ.மீ. — 48 முதல் 58 கிலோ
உயரம் 165 செ.மீ. — 51 முதல் 62 கிலோ
உயரம் 170 செ.மீ. — 54 முதல் 66 கிலோ

கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இப்பட்டியல் பொருந்தாது.

இரண்டு, இடுப்புச் சுற்றளவு. நம் பகுதியில் தையல் டேப்புக்குப் பஞ்சமில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் இறுக்காமல் அளக்கவும். பெண்களுக்கு 80 செ.மீ. (சுமார் 31½ அங்குலம்), ஆண்களுக்கு 90 செ.மீ. (சுமார் 35½ அங்குலம்) எல்லை. அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். மேல்நாட்டாரைவிட நமக்கு இந்த எல்லைகள் குறைவு. அதே எடையில் அவர்களைவிட நம்மவருக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம் சேர்வதும், சர்க்கரை நோய் சீக்கிரம் வருவதும் இதற்குக் காரணம். இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடி 2009இல் வெளியிட்ட அளவுகள் இவை.

பட்டியல் எடைதான் இலக்கா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பட்டியலைப் பார்த்தவுடன், "ஐயோ, பதினஞ்சு கிலோ கூட இருக்கேனே!" என்று மலைத்துப் போகிறார்கள். பட்டியல், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும் மைல்கல். ஒரே மூச்சில் அங்கே ஓடிச் சேரச் சொல்லி அதை வைக்கவில்லை.

உங்கள் முதல் இலக்கை உங்கள் இன்றைய எடையிலிருந்து கணக்கிடுங்கள். கணக்கு எளிது:

இன்றைய எடையில் 20 கிலோவுக்கு 1 கிலோ வீதம் குறையுங்கள்.

அதாவது 60 கிலோ இருப்பவர் 3 கிலோ. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ. இது நூற்றுக்கு 5 பங்கு. முடிந்தவர்கள் நூற்றுக்கு 7 பங்கு வரை போகலாம். அவகாசம் ஆறு மாதம்.

ஒரு தம்பதியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மனைவி 150 செ.மீ. உயரம், 66 கிலோ. பட்டியலின்படி 51 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 15 கிலோ அதிகம். கணவர் 165 செ.மீ. உயரம், 76 கிலோ. 14 கிலோ அதிகம். இவர்களுடைய முதல் இலக்கு என்ன? மனைவிக்கு 62 கிலோ, கணவருக்கு 72 கிலோ. ஆளுக்கு 4 கிலோ, ஆறு மாதத்தில். அவ்வளவுதான்.

"நாலு கிலோவுல என்னங்க ஆயிரும்?"

நிறைய ஆகும். எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகியவை குறையத் தொடங்குகின்றன. சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிலக்கு தள்ளிப்போகும் பெண்களில் பலருக்கு இந்த அளவு குறைந்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்புண்டு. மூட்டுவலி உள்ளவர்களை ஆராய்ந்து 2005இல் அமெரிக்காவில் வெளியிட்ட கணக்கின்படி, உடம்பில் 1 கிலோ குறைந்தால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. 4 கிலோ குறைந்தால் அடிக்கு 16 கிலோ. நாளெல்லாம் நின்று செக்கிங் பார்க்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமா?

சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. உணவு, உடற்பயிற்சிப் பிரிவில் இருந்தவர்களுக்கு எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதும்தான் இலக்கு. அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். கூடவே இருந்து சொல்லிக் கொடுக்க ஆட்கள் இருந்தும், 24 வாரத்தில் அந்த 7 பங்கை எட்டியவர்கள் பாதிப்பேர்தான். அப்படியிருக்க, யாருடைய துணையும் இல்லாமல் ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று நாம் கணக்குப் போடலாமா?

நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. எந்த மாற்றமும் செய்யாதவர்களில் மூன்றாண்டுகளில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை. ஆகவே எடை மெஷின் முள் அசையவில்லை என்பதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். முள்ளுக்குத் தெரியாத நன்மை உடம்புக்குள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

ஏன் வேகம் கூடாது?

பட்டினி கிடந்தால் எடை குறையும், உண்மை. ஆனால் உடம்பு சும்மா இருக்காது. "பஞ்சம் வந்துருச்சு" என்று எண்ணிக்கொண்டு செலவைச் சுருக்கிக்கொள்ளும், பசியைக் கூட்டும். ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடையைக் குறைத்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் ஓராண்டுக்குப் பிறகும் அவர்களுக்குக் கூடுதலாகவே சுரந்தது என்று 2011இல் வெளியிட்டார்கள். எடை திரும்ப ஏறுவதற்கு மனஉறுதி இல்லாமை மட்டுமே காரணம் என்று ஒருவரை ஒருவர் குறை சொல்வது நியாயமாகாது.

பனியன் துணியை இழுத்துப் பிடித்து அகலம் காட்டி வெட்டினால் முதல் அலசலிலேயே சுருங்கிவிடும். ஆறப்போட்டு, நிலைத்த பிறகு வெட்டினால்தான் அளவு நிற்கும். உடம்பும் அப்படித்தான். எனவே ஆறு மாதத்தில் 62 கிலோ எட்டியதும், அடுத்த ஆறு மாதம் அந்த 62ஐக் காப்பாற்றுவதே இலக்கு. அதன்பின் மனமும் உடம்பும் இடம் கொடுத்தால், மீண்டும் 20க்கு 1 என்று 59க்குப் போகலாம். அங்கேயே நிற்க விரும்பினாலும் தவறில்லை. 62இல் நிலைத்து நிற்பவர், 55க்கு இறங்கி மறுபடி 68க்கு ஏறியவரைவிட நலமாக இருப்பார்.

எந்த எடை உங்களுக்கு நிலைக்கும் என்று அறிய ஒரே ஒரு கேள்வி போதும்: "இப்போ சாப்பிடற மாதிரி, நடக்கற மாதிரி, அஞ்சு வருஷம் கழிச்சும் செய்ய முடியுமா?" முடியும் என்றால் அது உங்கள் எடை. முடியாது என்றால் இலக்கைச் சற்றுத் தளர்த்துங்கள்.

4 கிலோவுக்கு எவ்வளவு விட வேண்டும்?

உடம்பில் 1 கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. 4 கிலோவை ஆறு மாதத்தில் குறைக்க நாளொன்றுக்குச் சுமார் 180 கலோரி மிச்சம் பிடித்தால் போதும். எடை குறையக் குறைய வேகம் மட்டுப்படும் என்பதால் கொஞ்சம் நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையும்படி எந்த முறையையும் கைக்கொள்ள வேண்டாம்.

டீ: ஒரு டீஸ்பூன் சர்க்கரை 20 கலோரி. நாளுக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 160 கலோரி. "அரைச் சர்க்கரை" என்று கேட்டு வாங்கினாலே 80 மிச்சம்.

வடை, போண்டா: ஒன்று சுமார் 100 கலோரி, பெரிதானால் அதற்கும் மேல். இரண்டு சாப்பிடுபவர் ஒன்றாக்குங்கள். பதிலுக்கு வேகவைத்த கடலை, பயறு அல்லது ஒரு கொய்யாப்பழம்.

வெண்ணெய், நெய்: ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் போன ஊர். வெண்ணெயே கூடாது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் சுமார் 100 கலோரி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு நெய்யைச் சட்டியிலிருந்து சாய்க்காமல் ஒரு டீஸ்பூன் அளந்து விடுங்கள்.

எண்ணெய்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்து வாங்குங்கள்.

இரவுச் சோறு: முதலில் பொரியல், கீரை, பருப்பு, பிறகு சோறு. வழக்கமான அளவில் கால் பங்கைக் குறையுங்கள். நேரமாகி வருகிறவர்கள் சாயங்கால டீயோடு கொஞ்சம் சுண்டல் சாப்பிட்டுவிட்டால் இரவுப் பசி அடங்கும்.

கம்பு, ராகி: நல்ல உணவுதான், நார்ச்சத்து அதிகம். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கலோரி அரிசியை ஒட்டியே வருகிறது. "களிதானே" என்று அளவில்லாமல் சாப்பிட்டால் எடை குறையாது.

கொள்ளு: "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு; பசி தாங்கும். அது கொழுப்பைக் கரைத்து ஊற்றிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

நடை: நாள்தோறும் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஒரே தடவையில் முடியாதவர்கள் காலை 15, மாலை 15 என்று பிரிக்கலாம். கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு வண்டியில் போகாமல் நடந்து போவதும் கணக்கில் சேரும்.

கணவனும் மனைவியும் சேர்ந்தால்

ஒரே அடுப்பில் வேகும் சோற்றை இருவரும் சாப்பிடுகிறீர்கள். ஒருவர் மட்டும் குறைக்க நினைத்தால் நடக்காது. "அவருக்கு ருசியா வேணும், எனக்குத் தனியா ஆக்க நேரமில்லீங்க" என்று சொல்லும் பெண்கள் அதிகம். மீந்த சோற்றை வீணாக்க மனமின்றித் தாமே சாப்பிட்டு எடை போட்டவர்களும் அதிகம். ஆகவே இலக்கை இருவரும் உட்கார்ந்து பேசி, இருவருடைய எடையையும் ஒரே காகிதத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். கணவர்மார்களே, மனைவியின் உடம்பைப் பற்றி நாலு பேர் நடுவில் கேலி பேசாதீர்கள். கேலியால் எடை குறைந்தவர் இல்லை. கடைக்குப் போய் எண்ணெயைக் குறைத்து வாங்குங்கள். இரவு சாப்பிட்டபின் கொஞ்ச தூரம் கூட நடந்து வாருங்கள். அதுவே பெரிய உதவி.

ஆணுக்கு எடை வேகமாகவும் பெண்ணுக்கு மெதுவாகவும் இறங்குவது வழக்கம். ஒருவரோடு ஒருவரை ஒப்பிட வேண்டாம்.

வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை சென்று வந்தபின், வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பாருங்கள். உப்பு, தண்ணீர், மாதவிலக்கு ஆகியவற்றால் ஒரு கிலோ கூடக் குறைய இருப்பது சகஜம். தினமும் ஏறி நின்று கலங்க வேண்டாம்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினதுக்கு அப்புறந்தான் எனக்கு உடம்பு போட்டுச்சுங்க?"
ஆபரேஷனில் கருக்குழாயை மட்டுமே கட்டுகிறார்கள். சினைப்பையைத் தொடுவதில்லை, ஹார்மோன் மாறுவதில்லை. பிரசவத்துக்குப் பின் கூடிய உணவு, குறைந்த நடமாட்டம், ஏறும் வயது ஆகியவையே காரணம். காப்பர்-டியிலும் ஹார்மோன் கிடையாது. 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் போடத் தொடங்கிய மூன்று மாத 'அந்தரா' ஊசியால் மட்டும் சிலருக்கு எடை கூடலாம். அப்படியானால் நீங்களாக நிறுத்தாமல் செவிலியரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறுங்கள்.

"குழந்தைக்காகக் காத்திருக்கோம். இப்போ குறைக்கலாமா?"
கருத்தரிக்கும் முன்பு முதல் இலக்கை எட்டிவிடுவது நல்லது. கர்ப்பகாலச் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் ஆபத்து குறையும். கர்ப்பம் தரித்தபின் எடை குறைக்க முயலவே கூடாது.

"ஒரு பவுடர் குடிச்சா மாசம் எட்டுக் கிலோ குறையுதாமே?"
என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததை வாங்கிக் குடிக்காதீர்கள். குடிப்பதை நிறுத்தியதும் எடை திரும்பிவிடும். செலவழித்த பணம் திரும்பாது.

"இப்போ எடை குறைக்க ஊசி வந்திருக்காமுங்க?"
வந்திருப்பது உண்மை. சிலருக்கு மருத்துவர் பரிசோதித்து எழுதித் தருகிறார். ஊசியை நிறுத்தியவர்களுக்கு இழந்த எடையில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் திரும்பியதாக ஆய்வுகள் சொல்கின்றன. விலையும் அதிகம். மருத்துவர் சொல்லாமல் தாமாக வாங்கிப் போடக்கூடாது.

யார் தாமாக எடை குறைக்கக் கூடாது?

கர்ப்பிணிகள், பச்சைக் குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், பட்டியலில் கண்ட எடைக்குக் கீழே இருப்பவர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே உணவைக் குறைக்க வேண்டும். இல்லையேல் சர்க்கரை திடீரென இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும்.

முயலாமலே எடை குறைந்தால் மகிழ வேண்டாம். கூடவே அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர் இருந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோயாக இருக்கலாம். உடனே பரிசோதியுங்கள்.

எங்கே போவது?

உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை, உயரம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது, "எனக்கு வேலை இருக்கு" என்று அனுப்பிவிடாமல் இருவரும் கையை நீட்டுங்கள். 30 வயது ஆனவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்வது அவசியம்.

இன்றிரவே ஒரு காகிதத்தில் எழுதுங்கள்:

இன்றைய எடை, இடுப்புச் சுற்றளவு.
20 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கழித்த முதல் இலக்கு.
ஆறு மாதம் கழித்து வரும் தேதி.
இருவரும் சேர்ந்து மாற்றப்போகும் இரண்டே இரண்டு பழக்கங்கள்.

பத்துப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றப் போகிறவர் ஒன்றையும் மாற்ற மாட்டார். இரண்டு போதும். அவை கைவந்தபின் மூன்றாவது.

படித்தபின் இத்துண்டுப் பிரசுரத்தைப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.

எட்டும் எடையை இலக்கா வைப்போம்!
எட்டிய எடையைக் காத்து நிற்போம்!